கிளச் மிதிக்கும் கால்

போன மாதம் பட்டறைப் பக்கம் வந்தபோது நீங்கள் மூன்று பேரும் ஒரு லாரிக்கு என்ன கிளச் போடுவது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தீர்கள். ஒருவர் கையில் போன். ஒருவர் கையில் கம்பெனிப் புத்தகம். மூன்றாமவர் தன் வாயை மட்டும் நம்பிப் பேசிக்கொண்டிருந்தார். எஞ்சினுக்கு எவ்வளவு சக்தி, கிளச் எவ்வளவு தாங்கும், எந்தப் பல்சக்கரம் ஏற்றத்துக்கு நல்லது என்று எல்லாவற்றையும் அலசினீர்கள். ஒரு ஓரமாக நின்று கேட்டேன். சொன்னதில் தப்பே இல்லை. உங்கள் வயதில் எனக்கு இதில் பாதிகூடத் தெரியாது.

ஆனால் அந்த லாரியை ஓட்டிக்கொண்டு வந்த மனுஷர் வெளியே தகரக் கூரைக்கடியில் குளிரில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. நான் வாயைத் திறந்தால் ‘பெருசு ஆரம்பிச்சிருச்சு’ என்று கண்ணாலேயே பேசிக்கொள்வீர்கள் என்று தெரியும். அதனால் பேசாமல் போய்விட்டேன். வீட்டுக்குப் போன பிறகு மனசு கேட்கவில்லை. பேச்சாக இருந்தால் பாதியில் எழுந்து போவீர்கள், எழுத்தாக இருந்தால் டீ நேரத்திலாவது படிப்பீர்கள் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். இந்தக் குன்னூர் மலையில் லாரி வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். ஏற்றத்தில் வண்டி திணறக் கூடாது. அதற்காக எஞ்சினில் கை வைப்பார்கள். டர்போவை மாற்றுவார்கள், டீசல் பம்பைத் திருகிவிடுவார்கள், சில பேர் எஞ்சினையே பெரிதாக மாற்றிவிடுவார்கள். சக்தி கூடியதும் கிளச் வழுக்க ஆரம்பிக்கும். உடனே நம்மிடம் வருவார்கள். நாம் பலமான கிளச் போட்டு அனுப்புவோம்.

கேத்தி பக்கத்துக் கேரட் வியாபாரி ஒருவர் அப்படித்தான் வந்தார். கிடைப்பதிலேயே முரட்டு கிளச்சாகப் போடச் சொன்னார். அவர் சொன்னபடியே போட்டோம். கிளச் வழுக்குவது நின்றது. கொஞ்ச நாளில் அதற்குப் பின்னால் இருக்கும் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் உடைந்தது. அதையும் பலமாக்கச் சொன்னார். அடுத்து பின் அச்சுக்குள்ளே பல் போனது. "என்ன மேஸ்திரி, நீங்க ஒரு பக்கம் மருந்து போட்டா இன்னொரு பக்கம் காய்ச்சல் வருதுங்க" என்றார். நல்ல மனுஷர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் பட்டறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

எஞ்சினிலிருந்து சக்கரம் வரை எல்லாம் ஒரே சங்கிலி. ஒன்றைப் பலமாக்கினால் அடுத்ததுக்குத்தான் அடி. எதைப் பலமாக்குவது என்று யோசிப்பவன் பாதி மெக்கானிக். எது முதலில் உடைய வேண்டும் என்று யோசிப்பவன்தான் முழு மெக்கானிக். இவ்வளவும் நீங்கள் கற்றுக்கொண்டிருப்பீர்கள். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி உங்கள் புத்தகத்திலும் கிடையாது, போனிலும் கிடையாது. அதை எனக்குக் காட்டியவர் சவரிமுத்து.

நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. குன்னூருக்குக் கீழே காட்டேரிப் பக்கம், ரோட்டுக்கு மேலே சரிவில் வீடு. சொந்த லாரி. தேயிலை ஃபேக்டரியிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்குவார். வரும்போது உரமோ விறகோ ஏற்றி வருவார். மனைவி லூர்தம்மாள் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். சவரிமுத்து கொஞ்சம் ஜம்பம் உள்ள ஆள். சட்டையில் எண்ணெய்க் கறை இருக்காது, வண்டியின் கண்ணாடியில் தூசி இருக்காது. ஏற்றத்தில் யாராவது தன்னை முந்திப் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது.

விபத்தில் அடிபட்ட ஒரு பெரிய லாரியின் எஞ்சினை வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறைப்படி அனுமதி எழுதி வாங்கித் தன் வண்டியில் மாட்டியிருந்தார். அந்தப் பழைய வண்டிக்கு அது யானை பலம். அப்புறம்தான் ஒரு நாள் காலையில் பட்டறைக்கு வந்தார்.

"மேஸ்திரி, பர்லியார் தாண்டி ஏத்தம் வந்தா கிளச் வழுக்குதுங்க. பெரிய வண்டிக்குப் போடற செட்டையே போட்ருங்க. கியர்பாக்ஸயும் ஒருக்கா தொறந்து பாத்துருங்க. எது போட்டாலும் நல்லதாப் போடோணும்."

"கிளீனர் எங்கீங்கண்ணா? ஆளையே காணோம்?"

"அவன நிறுத்திப் போட்டனுங்க. எதுக்கு வீணா?"

அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலை ரோட்டில் லோடு வண்டிக்குக் கிளீனர் இல்லாமல் முடியாது. நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போட ஒரு ஆள் வேண்டும். கையை இறுக்கிப் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பட்டறையிலும் அப்படித்தான் கேலி பேசினார்கள்.

கியர்பாக்ஸைத் திறந்தோம். கிளச் தேய்ந்திருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கியர் மாறும்போது கோத்துக்கொள்கிற பற்களின் நுனியெல்லாம் நொறுங்கியிருந்தது. எஞ்சின் சக்தியால் அப்படி ஆகாது. கிளச்சை முழுதாக மிதிக்காமல் கியர் மாற்றினால்தான் அப்படி ஆகும். பெடல் கம்பிகளைச் சோதித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் பெடலைப் பார்த்தேன். அதன் மேலிருக்கும் ரப்பர் ஒரு மூலையில் மட்டும் தேய்ந்து, உள்ளே இருக்கும் இரும்பு விளிம்பு வெளியே தெரிந்தது. வருஷக்கணக்காக லாரி ஓட்டுகிற மனுஷர் நேற்றுப் பழக வந்தவர் மாதிரி பெடலின் ஓரத்தை ஏன் மிதிக்கிறார்? எனக்குப் புரியவில்லை. புரியாததைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஜம்பக்காரர். ஓட்டத் தெரியவில்லை என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார் என்று தள்ளிப்போட்டேன்.

மறுநாள் அவர் பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷாஃப்ட்டில் ஏற்றுவதற்காக ஒரு பேரிங்கைச் சுட வைத்து, இடுக்கியால் எடுத்துத் தரையில் தகட்டின் மேல் வைத்திருந்தோம். பேசிக்கொண்டே அவர் ஒரு அடி நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. திரும்பிப் பார்த்தால் அவருடைய இடது கால் செருப்பு அந்தப் பேரிங்கை ஒட்டி நின்று புகைந்துகொண்டிருந்தது.

"காலு! காலு!" என்று கத்தினேன்.

அவர் யாரைச் சொல்கிறேன் என்று சுற்றிலும் பார்த்தார். அதை மட்டும் இன்று வரைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. சூடு அவர் காலில் இருந்தது. அவரோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தேடினார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தேன். நல்ல வேளையாகச் செருப்போடு போயிற்று, சுண்டு விரல் பக்கம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. அவர் குனிந்து காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு டயர் மேல் உட்கார வைத்தேன்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"சக்கரைங்க. முழங்காலுக்குக் கீழ மரத்துப் போயி மரக்கட்டையாட்டந்தானுங்க. முதல்ல விரலு, அப்பறம் பாதம். கிளச்ச மிதிச்சா மிதிச்சமா இல்லையானு தெரியறதில்ல. கிளீனர் பையன் ரெண்டு வாட்டி பாத்துட்டான். அதான் அனுப்பிப் போட்டேன்."

கையை இறுக்கிப் பிடிக்கிறார் என்று கேலி பேசிய எல்லோரும் அங்கேதான் வேலை செய்துகொண்டிருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேஸ்திரி, அந்தக் காத்து பூஸ்டர் இருக்குதுல்லங்க, அதையும் சேத்து வெச்சுக் குடுங்க. பெடல் பூவாட்டம் ஆயிருமில்லீங்க? லேசா வெச்சாலே போதும். இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிக்குவேன்."

அவர் கேட்டது நடக்காத காரியமில்லை. அந்த வண்டி பழைய மாடல். பெடலை மிதித்தால் கம்பிதான் கிளச்சைத் தள்ளும், காற்றின் உதவி கிடையாது. பெரிய கிளச் போட்டால் அதன் ஸ்பிரிங் முரடு, பெடலும் முரடாகும். பூஸ்டர் வைத்தால் ஸ்கூல் போகிற பிள்ளைகூட மிதிக்கலாம். மெக்கானிக்காகப் பார்த்தால் பெரிய கிளச்சும் பூஸ்டரும் சேர்த்து வைப்பதுதான் சரி. புத்தகமும் அதைத்தான் சொல்லும். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் லூர்தம்மாள் வந்தார். எஸ்டேட்டில் லீவு போட்டுவிட்டு, சர்ச்சுக்குப் போகிற சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பட்டறைக்குள் ஒரு பெண் வந்து நின்றால் நம் ஆட்கள் எப்படி விழிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, நீங்கதானுங்களா பெரிய மேஸ்திரி? அவரு என்னமோ பூஸ்டராம், அது வெச்சா ஓட்டலாம்னு ராத்திரியெல்லாம் சந்தோசமாச் சொல்லிட்டுக் கெடந்தாருங்க. அத வெக்காதீங்க."

"ஏனுங்கம்மா?"

"பெடல் கஷ்டமா இருந்தா அவரா நிறுத்திக்குவாருங்க. நாஞ் சொன்னா நிறுத்த மாட்டாரு. டாக்டர் சொன்னதுக்கு டாக்டரையே மாத்திப் போட்டாரு. அவரு நல்லாத்தானுங்க ஓட்டுவாரு, நானே சொல்லுவேன். ஆனா போன வாரம் வென்னித் தண்ணிய அவரோட வலது காலு மேல கொட்டிப் போட்டேன். அவரு ரேடியோ கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாருங்க."

வலது கால். நான் அதுவரைக்கும் கிளச்சைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். இடது கால் கிளச்சுக்கு. வலது கால் பிரேக்குக்கு. இடது காலின் வேலையைப் பூஸ்டர் செய்துவிட்டால் அவர் ஓட்டிக்கொண்டே இருப்பார். வலது கால் என்றைக்குக் கைவிடுகிறதோ அன்றைக்குத்தான் நிற்பார். அன்றைக்கு வண்டி லோடோடு கொண்டை ஊசி வளைவில் இறங்கிக்கொண்டிருக்கும்.

சங்கிலியின் அடுத்த கண்ணி எது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வெக்க மாட்டேனுங்கம்மா. ஊட்டுக்குப் போங்க" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டு, "நான் வந்தேன்னு அவருகிட்டச் சொல்லிப் போடாதீங்க. அப்பறம் எம் மூஞ்சிலயே முழிக்க மாட்டாரு" என்றார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். "அவருக்கு வண்டி மட்டுந்தானுங்க. அது எனக்குத் தெரியாமயா வந்து சொல்றேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்.

இந்த மாதிரி நேரத்தில் நம் தொழிலில் ஒரு சுலபமான வழி உண்டு. பூஸ்டர் கிடைக்கவில்லை, கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுத்தடிப்பது. உங்களில் ஒருவர் அதில் கெட்டிக்காரர், பெயர் சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் பொருள் இல்லை என்று சொன்னால் அவர் வேறு பட்டறைக்குப் போவார். அங்கே பொருள் இருக்கும். அதனால் சாயங்காலம் அவர் வந்ததும் நேராகவே சொல்லிவிட்டேன். பெடல் லேசாகும், கால் லேசாகாது. கிளச்சை மிதிக்கத் தெரியாத காலைவிட, பிரேக்கை மிதிக்கத் தெரியாத கால் மோசம். பூஸ்டர் வைக்க மாட்டேன் என்றேன்.

"வலது காலு நல்லா இருக்குதுங்க" என்றார். குரல் ஏறிவிட்டது. "நீங்க மெக்கானிக்கா டாக்டரா? கேட்டதப் போட்டுக் குடுங்க. என்ற வண்டி. நான் ஓட்டறேன்."

"உங்க வண்டிதானுங்கண்ணா. ரோடு உங்களுது இல்லையே."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. பிறகு, "சரி, பெரிய கிளச்ச மட்டும் போடுங்க. பூஸ்டர் இல்லாமயே ஓட்டிக் காட்டறேன்" என்றார்.

போட்டோம். நொறுங்கிய பற்களை மாற்றினோம். பெடலுக்குப் புது ரப்பர் போட்டேன். வேலை முடிந்த அன்றைக்கு மதியம், லோடு இல்லாத வண்டி, வெயில் அடித்தது. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்த் திரும்பலாம் என்று பேச்சு. நான் கிளீனர் பக்கம் உட்கார்ந்து பார்க்கிங் பிரேக் லீவரின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

அவர் எப்படி இத்தனை நாள் ஓட்டினார் என்று அப்போதுதான் பார்த்தேன். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்து, வலது கையால் இடது முழங்காலை அமுக்கிக் கிளச்சை மிதித்தார். இடது கையால் கியரைப் போட்டார். அந்த ஒரு கணம் ஸ்டியரிங்கை யாரும் பிடிக்கவில்லை. முதல் கியரில் வண்டி வாசலைத் தாண்டியது. மறுபடி முழங்காலை அமுக்கினார். புது கிளச்சின் முரட்டுப் பெடல், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார், நெற்றி நரம்பு புடைத்தது, எப்படியோ இரண்டாம் கியர் விழுந்தது.

மூன்றாவது கியர் விழவில்லை. முழங்காலை அமுக்கினார், பெடல் பாதி வரைக்கும் போய் நின்றது. நியூட்ரலுக்குக்கூட கியர் லீவர் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்ப வேண்டிய இடம் தாண்டிவிட்டது. நம் பட்டறை வாசலிலிருந்தே ரோடு இறக்கம்தானே. வண்டி இரண்டாம் கியரிலேயே மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்க ஆரம்பித்தது.

"நிறுத்துங்கண்ணா" என்றேன்.

"நிறுத்தினா மறுபடி எடுக்க மாட்டனுங்க" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. "கொஞ்சம் போகட்டும் மேஸ்திரி."

நான் பார்க்கிங் பிரேக் லீவரை இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. எஞ்சின் வண்டியைத் தாங்கிப் பிடித்திருந்தது, ஒரு ஆள் ஓடுகிற வேகத்துக்கு மேலே போகவில்லை, ஆபத்து இல்லை. அதைவிட, அவர் முகத்தைப் பார்த்தேன். நான் சொல்லி நம்பாதவர் பெடல் சொன்னதும் நம்பிவிட்டார். இது கடைசி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மனுஷனிடமிருந்து அதைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

இரண்டாம் கியரில் அந்த மலையை இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? பின்னால் ஊட்டிக்கு வந்து திரும்புகிற கார்க்காரர்கள் எல்லோரும் ஹாரனைப் பிடுங்கி எடுத்தார்கள். அவர் ஒரு கையை வெளியே நீட்டி, ஒவ்வொருவரையும் பொறுமையாக முந்திப் போகச் சொல்லிக்கொண்டே வந்தார். யாராவது முந்தினால் சோறு இறங்காத மனுஷர்.

"இந்த வளைவுலதாங்க லூர்துவ முதல்ல பாத்தது" என்றார். "கூடையத் தூக்கிட்டு ரோட்டத் தாண்டினா. ஹாரன் அடிச்சேன். என்ன வண்டியா ஓட்டறே, எருமையா மேய்க்கறேன்னு திட்டினா பாருங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. கொஞ்சம் தள்ளிக் குரங்குகள் உட்காரும் சுவரைக் காட்டினார். தினமும் அங்கே பன் போடுவாராம், இன்றைக்குக் கொண்டு வரவில்லையே என்று வருத்தப்பட்டார். ஒரு இடத்தில் மழையில் மண் சரிந்து வண்டியிலேயே படுத்துக் கிடந்ததைச் சொன்னார். ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்று இருந்தது. ரோட்டோடு அவர் கணக்குத் தீர்க்கவில்லை, விடைபெற்றுக்கொண்டிருந்தார். நான் "ம்" போட்டுக்கொண்டு வந்தேன்.

மரப்பாலம் பக்கம் ரோடு அகலமாகிற இடத்தில் ஓரமாக ஒதுக்கினார். வலது காலைப் பிரேக்கில் வைத்தார். வண்டி குலுங்கி, எஞ்சின் அடங்கி நின்றது. நான் லீவரை இழுத்தேன். அவர் சாவியைத் திருகி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லூர்து வந்திருந்தாளுங்களா?"

நான் லீவர் நன்றாக விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

"வந்திருப்பா" என்றார். கோபம் இல்லை. "இந்தக் காலும் அப்படித்தானுங்க மேஸ்திரி. மிதிச்சுச்சா இல்லையானு வண்டி நின்னப்பறந்தான் எனக்கே தெரியுது."

சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து கிளீனர் பக்கம் ஏறினார். ஏறத் தெரியாமல் தடுமாறினார், அந்தப் பக்கத்துப் படி அவருக்குப் பழக்கமில்லை. நான் திருப்பி மேலே ஓட்டினேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "இத்தன வருசம் இந்த ரோட்டுலயே கெடந்தேன். இந்த ஜன்னல்ல என்ன தெரியும்னு இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்" என்றார். அதற்கு மேலே குன்னூர் வரைக்கும் அவர் முகத்தை வெளியே திருப்பியே வைத்திருந்தார்.

வண்டியை விற்றுவிட்டார். வாங்கினது கோத்தகிரிப் பக்கத்து இளவயதுக்காரர், இந்த ரோட்டிலேயே ஓட்டுபவர். கைமாறுவதற்கு முன்னால் சவரிமுத்து பட்டறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"மேஸ்திரி, இப்ப அந்த பூஸ்டர வெச்சுக் குடுங்க."

"விக்கற வண்டிக்கு எதுக்குங்கண்ணா? வாங்கறவரு கேக்கவே இல்லையே?"

"அவனுக்குக் கேக்கத் தெரியாதுங்க. சின்ன வயசு. அந்த முரட்டுப் பெடல மிதிச்சு மிதிச்சு முட்டி போயிரும். அவன் காலாவது நல்லா இருக்கட்டும்."

வைத்துக் கொடுத்தேன். என் கையால் எத்தனையோ வண்டிக்கு எத்தனையோ பாகம் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு வண்டிக்குப் பொருத்தமான பாகத்தை அந்த அளவுக்குச் சரியாகச் சொன்னவர் வேறு யாரும் இல்லை.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பேரிங் சுட்டதனாலோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்கப் போனபோது லூர்தம்மாளிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். இல்லை என்றார். உள்ளங்காலில் ஒரு ஓரமாகப் பழைய வெட்டுப் புண்ணாம், ரொம்ப நாளாகவே இருந்து உள்ளுக்குள் அழுகியிருக்கிறது. எதனால் வெட்டியது என்று டாக்டருக்குத் தெரியவில்லையாம். எனக்குத் தெரிந்தது. ரப்பர் தேய்ந்து வெளியே வந்த அந்த இரும்பு விளிம்பு. நான் புது ரப்பர் போட்டதற்கு ரொம்பக் காலத்துக்கு முன்னாலேயே அது தன் வேலையை முடித்திருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. தன் வண்டியே தன் காலை எடுத்தது என்று தெரிந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது?

அதனால்தான் சொல்கிறேன். வண்டி வந்தால் முதலில் பெடல் ரப்பரைப் பாருங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் வெளியே டீ குடிப்பவரை உள்ளே கூப்பிட்டு, ஒரு நாற்காலி போட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எஞ்சின் சக்தியை அதற்குப் பிறகு கேட்கலாம். அவர் மழுப்புவார். விடாதீர்கள்.

நான் பார்க்கப் போன அன்றைக்கு அவர் ஜன்னலோரமாகக் கட்டிலில் போர்வையோடு சாய்ந்திருந்தார். சட்டை அப்போதும் கறை இல்லாமல் இருந்தது. லூர்தம்மாள் டீ கொடுத்தார். ஊர்க் கதை பேசினோம், வண்டிப் பேச்சை மட்டும் நான் எடுக்கவில்லை. கீழே ரோட்டில் ஒரு லாரி லோடோடு வளைவில் ஏறுகிற சத்தம் கேட்டது. அவர் கையை உயர்த்திப் பேச்சை நிறுத்தினார்.

"நம்ம வண்டிங்க" என்றார். காது கொடுத்துக் கேட்டார். "இப்ப செகண்டுக்கு மாத்தோணும். மாத்துறா தம்பி. இப்ப."

கீழே எஞ்சின் ஒரு கணம் தணிந்து, கியர் சுத்தமாக விழுந்து, மறுபடி இழுத்தது. அதே கணம் போர்வைக்குள் அவருடைய இடது தொடை முன்னால் தள்ளியது. முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு குழந்தை தன்னால் முடிந்ததைக் காட்டுகிற சிரிப்பு.

"தெரியுதுங்க மேஸ்திரி. பாதம், விரலு, எல்லாமே தெரியுது. வெட்டி எடுத்ததுக்கப்பறம் இப்பத்தானுங்க கிளச்சு அடி வரைக்கும் போகுது."

லூர்தம்மாள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். வண்டியின் சத்தம் மேலே ஏறிக் குன்னூர்ப் பக்கம் அடங்குகிற வரைக்கும் நானும் அவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.